முழுக் கை வைத்த உடை

முழுக் கை. கழுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நிறம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கை மட்டும் மணிக்கட்டு வரை வந்தாக வேண்டும்.

டேப்புவிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அது ஒன்றுதான். கல்யாண உடை எடுக்க வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் கல்யாணப் பெண்ணின் அண்ணி அவள் காதோரம் வந்து இன்னொரு தடவை சொன்னாள்.

“நீ என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ எனக்குத் தெரியாது. குட்டைக் கை பக்கம் மாப்பிள்ளையோட அம்மா கண்ணு போகக் கூடாது.”

“கண்ணக் கட்டியா அக்கா கூட்டிட்டுப் போக முடியும்?”

“வாய் இருக்குல்ல உனக்கு? பட்டறையே அலறுதே அந்த வாய்க்கு. அத இங்க வந்து காட்டு.”

கல்யாணப் பெண் இரண்டு அடி பின்னால், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலைத் திட்டியபடி வந்துகொண்டிருந்தாள். தார் ரோடு செருப்போடு ஒட்டி ஒட்டி விட்டது.

இரும்புப் பட்டறையில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் இவள் டேப்பு. குழாயை அளப்பாள், கோடு போடுவாள், அறுப்பாள், ஒட்டும்போது அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் பிடிக்க, எதிரே உட்கார்ந்து வெல்டிங் வைக்கிறவள்தான் கல்யாணப் பெண், பொறி. அந்த வட்டாரத்தில் பாதி வீட்டு ஜன்னல் கிரில்லும் மாடிப்படிக் கைப்பிடியும் இந்த ஜோடி செய்ததுதான்.

வெல்டிங் வைக்கிறவருக்குக் கண்ணுக்கு மாஸ்க் உண்டு, விரலுக்குத் தோல் உறை உண்டு. முழங்கை வரைக்கும் தோல் கையும் உண்டு. ஆனால் தகரக் கூரைக்கடியில் அதையும் மாட்டிக்கொண்டு நின்றால் ஆள் அவிந்துவிடும். பொறி மாட்ட மாட்டாள். அதனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கடுகை வாரி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாகத் தழும்பு. இரண்டு கையிலும்.

இதற்கு முன்னால் வந்த வரன்கள், “பொண்ணு என்ன வேலை?” என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் தண்ணீர்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போயின. அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இந்த வரன் வந்தபோது அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்: “பட்டறையில கணக்குப் பாக்குறா.”

மாப்பிள்ளை வீட்டார் பட்டறைக்கே வந்து பார்த்தார்கள். முதலாளியின் நாற்காலியில் பொறி முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்ததும், கையில் பேனாவைத் திணித்ததும் டேப்பு. மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். அதிகம் பேசாதவன் என்றார்கள். ஆனால் போனில் பேசினான். பொறி மதியச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட வைக்காமல், சிரித்துச் சிரித்துப் பேசுவதை டேப்பு பார்த்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

“சொல்லிடலாம்டி” என்றாள் பொறி, கடை வாசலில்.

“எத?”

“எல்லாத்தையும்தான்.”

“கல்யாணம் முடியட்டும். அப்புறம் ஊதுகுழல் வச்சு ஊதலாம். இப்ப வாய மூடிட்டு மேல ஏறு.”

* * *

துணிக்கடை முதல் மாடியில் இருந்தது. ஏ.சி. ரிப்பேர். மூலைக்கு ஒன்றாக ஃபேன் சுற்றியது, காற்று வந்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஏற்கெனவே வந்து, நடு ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு. கூர்மையான கண். டேப்பு பொறியின் கைப் பொத்தானை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“வாம்மா. வெயில்ல வதங்கிட்டியே. முதல்ல தண்ணி குடி.”

“பரவால்ல அத்தை.”

“என்ன பரவால்ல? இந்த வெக்கையில முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்திருக்கே. கொஞ்சம் மேல ஏத்தி விட்டுக்கோ.”

அண்ணி இருமினாள். டேப்பு பாய்ந்தாள்.

“அவளுக்கு வெயில் ஆகாதும்மா. கறுத்துடுவாளாம். வீட்டுக்குள்ளயே குடை பிடிக்கிற ஆளு.”

“கறுத்தா என்ன? நாங்க என்ன சுண்ணாம்புக்கா பொண்ணு எடுக்கறோம்?”

கடைச் சிப்பந்தி வாயைப் பொத்திச் சிரித்தான். மெலிந்த ஆள், கழுத்தில் ஊசி குத்திய பட்டை. அவன் எடுத்துப்போட எடுத்துப்போட மேஜை வெள்ளையும் சந்தனமுமாக மேடு தட்டியது. தரை தொடும் உடைகள், சரிகை ஓரம் வைத்தவை, பின்பக்கம் வால் மாதிரி இழுபடுபவை. டேப்பு ஒவ்வொன்றிலும் முதலில் கையைத்தான் தேடினாள்.

“இது நல்லாருக்கு” என்று ஒன்றை இழுத்தாள். முழுக் கை. கழுத்து வரை பொத்தான்.

மாப்பிள்ளையின் அம்மா தொட்டுப் பார்த்தார். “கம்பளி மாதிரி இருக்கு. கல்யாணம் இந்த மாசக் கடைசியில. மண்டபத்துல பொண்ணு மயங்கி விழணும்னு ஆசையா உனக்கு?”

“அப்ப இது?”

“இது பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா போடறது.”

“இது, சரிகை வச்சது…”

“ஏம்மா, நீ கை நீளமா இருக்கறதாவே பொறுக்கறியே. உனக்கு என்ன, துணி எவ்வளவு வருதுன்னு கணக்கா?”

டேப்பு துணியை மடிக்க ஆரம்பித்தாள். அண்ணி முறைத்தாள். பொறி சிப்பந்தியின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், யாருக்கோ துணி எடுக்க வந்தவள் மாதிரி.

பிறகு அது வந்தது. மேஜையின் அடியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவே உருவி எடுத்தார். சந்தன நிறம், இடுப்பில் மெல்லிய மடிப்பு. கை தோளோடு முடிந்தது.

அழகான உடை. டேப்புவுக்கே தொட்டுப் பார்க்கக் கை போனது.

“பொண்ணு மேல வச்சுக் காட்டு தம்பி.”

சிப்பந்தி பொறியை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினான். டேப்பு பக்கத்தில் நின்று உடையைத் தோளோடு பிடித்தாள். “நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா…” என்று ஆரம்பித்தாள். முடிக்க வேண்டிய காரணத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

“இதையே எடுத்துடலாமா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அதே நேரம் சிப்பந்தி, வெளிச்சத்தில் காட்டுவோமே என்று, கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளின் சுவிட்சைத் தட்டினான்.

பளீர்.

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று கீழே இறங்கின.

தலையில் மாட்டுகிற மாஸ்க்கைக் கையால் இறக்க நேரமிருக்காது. ஒரு கையில் வெல்டிங் ராடு, மறு கையில் இரும்பு. வெளிச்சம் வருவதற்குள் தலையை ஓர் ஆட்டு ஆட்டினால் மாஸ்க் தானாகக் கண்ணை மூடும். கம்பியைப் பிடிக்கிறவளும் அதே நொடியில் தலையைக் குனிந்துவிடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை ஆட்டுவார்களோ. இப்போது தலையில் மாஸ்க் இல்லை. தலைக்கு அது தெரியவில்லை.

“அப்பாடா!” மாப்பிள்ளையின் அம்மா விசிறி அட்டையைத் தொடையில் அடித்தார். “நான் கேட்டு முடிக்கல, ரெண்டு பேரும் எப்படித் தலையாட்டறாங்க பாரு! மனசுக்குள்ள இதைத்தான் வச்சுக்கிட்டு, என்னப் பாத்து வெக்கப்பட்டு வாத்தியாரம்மா டிரஸ்ஸ இழுத்திருக்காங்க.”

“அய்யோ, இல்லம்மா, அது வந்து…” என்றாள் டேப்பு.

“என்ன வந்து? போட்டுட்டு வரச் சொல்லு.”

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

* * *

ட்ரையல் ரூம் ஆள் நின்று திரும்ப முடியாத பெட்டி. ஒரு பல்பு, ஒரு கொக்கி, ஒரு திரை. உள்ளே பொறியும் டேப்புவும்.

“ஏன்டி ஆட்டினே?”

“நீ ஏன்டி ஆட்டினே?”

“பளீர்னு போட்டான், அதான்.”

“எனக்கும் அதான்.”

ஒரு நொடி இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொறி வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு சட்டையைக் கழற்றினாள். பல்பு வெளிச்சத்தில் இரண்டு கையும் தெரிந்தன. சிரிப்பு நின்றது.

“நல்லா இல்லன்னு சொல்லிட்டு வெளிய போறேன்” என்றாள் பொறி. “இடுப்பு புடிக்குதுன்னு சொல்றேன்.”

“போட்டுக் காட்டாம அந்தம்மா விடுவாங்களா? இரு.” டேப்பு பையைத் துழாவி ஒரு ட்யூபை எடுத்தாள். முகத்தில் பூசுகிற ஃபவுண்டேஷன். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்தாள். “நீட்டு.”

“இது எனக்குப் புடிக்கல.”

“எனக்கு மட்டும் புடிச்சிருக்கா? நீட்டுடி.”

கிரில்லுக்கு ப்ரைமர் பெயிண்ட் அடிப்பது போல ஒரே சீராக, மேலிருந்து கீழே, இரண்டு பூச்சு. புள்ளிகள் மங்கின. பிறகு மறைந்தன. தன் வேலையைத் தானே பார்த்து டேப்புவுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

“ஊதாதே, காயட்டும்.”

“காயுமா? வேர்த்து ஊத்துதுடி.”

வெளியிலிருந்து குரல் வந்தது. “தைக்கவே ஆரம்பிச்சுட்டீங்களா உள்ள?”

பொறி உடையைத் தலைவழியே இறக்கினாள். டேப்பு முதுகுப் பொத்தான்களைப் போட்டாள். திரையை விலக்கினாள்.

பொறி வெளியே வந்து நின்றபோது, அண்ணி தன்னையறியாமல் “அடியே” என்றாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். சுற்றி வந்தார். பின்பக்க மடிப்பை நீவினார். “என் பிள்ளைக்குப் பேச்சு வராது. இதப் பாத்தா மூச்சும் வராது” என்றார்.

பொறி அவரைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். கையை இடுப்பில் வைத்தாள்.

டேப்பு பார்த்துவிட்டாள். கத்த வாயெடுத்தாள். முடியவில்லை.

பொறி கையை எடுத்ததும் சந்தனத் துணியில், இடுப்போரம், நாலு விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புத் தீற்றல்.

“ஐயையோ மேடம், துணி!” என்று சிப்பந்தி அலறினான்.

“என்னது இது?” மாப்பிள்ளையின் அம்மா பொறியின் கையைப் பிடித்தார். வேர்வையில் வழுக்கியது. கட்டை விரலால் ஒரு துடை துடைத்தார். பூச்சு வழிந்து, அடியிலிருந்து ஒரு புள்ளி வந்தது. இன்னொரு துடை. நாலு புள்ளி. அவர் தன் முந்தானையை எடுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தி ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

எல்லாரும் பார்த்தார்கள்.

“அம்மைம்மா” என்றாள் அண்ணி. குரல் கீச்சிட்டது. “சின்ன வயசுல அம்மை போட்டுச்சு. அந்தத் தழும்பு.”

“கையில மட்டுமா?”

“ஆமா… கையில மட்டும்… கொஞ்சம் அதிகம்.”

“முகத்துல ஒண்ணு இல்ல, கழுத்துல ஒண்ணு இல்ல. சட்டைக்குள்ள கையில மட்டும் போடற அம்மைய நான் கேள்விப்பட்டதே இல்ல.” அவர் பிடித்த கையை விடவில்லை. குரல் இறங்கிவிட்டது, அதுதான் பயமாக இருந்தது. “தோல் வியாதியா? மறைக்காம சொல்லுங்க. எங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு.”

“வியாதியெல்லாம் இல்லம்மா, சத்தியமா” என்றாள் டேப்பு.

“உன்னக் கேக்கல. நீதான பூசிவிட்டது? உன் விரலப் பாரு.”

டேப்பு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பத்து விரலும் பழுப்பு.

“வெல்டிங் அத்தை” என்றாள் பொறி.

அண்ணி அவள் முதுகில் கிள்ளியதை டேப்பு பார்த்தாள். பொறி நகரவில்லை.

“பட்டறையில நான் கணக்கு எழுதல. வெல்டிங் வைக்கறேன். பொறி பறக்கும், கையில விழும். அதான் இது. யாருக்கும் ஒட்டாது.”

தெருவில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

“அப்ப அன்னிக்கு நாற்காலியில உக்காந்திருந்தது?”

“நாடகம்.”

“பேனா?”

“என்னோடதும்மா” என்றாள் டேப்பு.

“நான் ஒருத்தி, பொண்ணு கையெழுத்து நல்லாருக்குமான்னு வேற கேட்டுட்டு வந்தேன்.” மாப்பிள்ளையின் அம்மா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணி அழ ஆரம்பித்தாள். வந்த வரன்கள் எழுந்து போனது, மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பது, புருஷன் எதையும் கண்டுகொள்ளாதது, எல்லாம் அழுகையோடு வந்தது.

“அழாதம்மா. அழுதா எனக்கு யோசிக்க வராது.” அவர் பொறியைப் பார்த்தார். “இந்தப் பொய் உனக்குத் தெரிஞ்சு சொன்னாங்களா, தெரியாம சொன்னாங்களா?”

“தெரிஞ்சுதான் அத்தை. நானும் சேந்துதான் சொன்னேன்.”

பழியை அண்ணியின் மேல் தூக்கிப் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். முட்டாள், முட்டாள் என்று டேப்பு மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா போனை எடுத்து, மகன் நம்பரை அழுத்தி, பொறியிடம் நீட்டினார். “என்கிட்ட சொன்னத அவன்கிட்டயும் நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு. இதுவரைக்கும் குசுகுசுன்னு பேசினது போதும்.”

* * *

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தான்.

“சொல்லும்மா. எடுத்தாச்சா?”

“நான்தான்” என்றாள் பொறி.

அவள் சொல்லி முடிக்கும் வரை அவன் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டான்: “அப்ப கணக்கு?”

“எனக்குக் கூட்டலே ஒழுங்கா வராது.”

யாரும் சிரிக்கவில்லை. போனுக்குள் ஒரு பெருமூச்சு.

“சரி. ஆனது ஆச்சு. அம்மாவ நான் சமாதானம் பண்ணிக்கறேன். நீ பயப்படாத.”

அண்ணி இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தாள்.

“ஆனா ஒண்ணு” என்றான் அவன். “கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலை வேண்டாம். நான் கௌரவம் பாத்து சொல்லல. கண்ணு எரியுது, கண்ணுல மண்ணு போட்ட மாதிரி உறுத்துதுன்னு உங்க ஆளுங்க தினம் எங்க கடைக்கு வராங்க. நான் பாக்கறேன். அத விட்டுடு. மத்தது எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.”

அண்ணி ‘சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு’ என்று வாயசைத்தாள். டேப்புவும் அதையே வேண்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை. கல்யாணம் நிற்காது. அதே மூச்சில், நாளைக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது. அதை வெட்கத்தோடு தள்ளிவிட்டாள்.

பொறி கறை பட்ட உடையைப் பார்த்தாள். கண்ணாடியில் தன்னையே பார்த்தாள்.

“மாட்டேன்.”

“என்ன?”

“விட மாட்டேன். கோவத்துல சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், அத நான் நல்லா செய்வேன். விடறேன்னு இப்ப சொன்னா அது இன்னொரு பொய். இன்னிக்குச் சொன்ன வரைக்கும் போதும்.”

“அப்ப கல்யாணம்?”

“நாளைக்கு மத்தியானம் பட்டறைக்கு வாங்க. ஒரு கேட் முடிக்கறோம். பாத்துட்டு சொல்லுங்க. வேண்டாம்னா அங்கயே என்கிட்ட சொல்லிடுங்க, தூது அனுப்பாதீங்க. வந்தா வெறுங்கண்ணால பாக்காதீங்க. டேப்பு கிட்ட இருட்டுக் கண்ணாடி கேட்டு வாங்கிக்கங்க.”

அவன் போனை வைத்துவிட்டான்.

சிப்பந்தி தயங்கித் தயங்கிக் கேட்டான். “மேடம்… கறை எடுத்துடலாம். வேணும்னா அதே துணியில முழுக் கை வச்சும் தரேன். இத என்ன பண்ணட்டும்?”

“நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் யாருக்கும் குடுக்காத” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எழுந்தார். பொறியின் அருகே வந்து நின்றார். “பொய் சொன்னதுக்கு நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். வேலை பாத்ததுக்கு இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காத.”

படியிறங்கிப் போய்விட்டார்.

* * *

மறுநாள் மத்தியானம் தகரக் கூரை அடுப்பு மாதிரி இருந்தது. அரைக்கப்பட்ட இரும்பின் வாடை. பன்னும் டீயும் வாங்கி வைத்தது ஈ மொய்க்கக் கிடந்தது. கேட்டின் கம்பிகளை டேப்பு ஒவ்வொன்றாக நிறுத்திப் பிடித்தாள், பொறி ஒட்டினாள். டேப்புவின் கண் வாசலிலேயே இருந்தது.

“ஆடுது. ஒழுங்காப் புடி” என்றாள் பொறி. காலையிலிருந்து அது ஒன்றுதான் அவள் பேசியது.

சாப்பாட்டு நேரம் போனது. டீக்காரர் ஆறிப்போன டீ கிளாஸை எடுக்க வந்து போனார். வரமாட்டான் என்று டேப்பு முடிவு கட்டிய பிறகு, வெளிப்புற வெயிலிலிருந்து ஒருவன் உள்ளே வந்து, கண் பழகாமல் தடுமாறி நின்றான்.

டேப்பு ஓடிப்போய் இருட்டுக் கண்ணாடியைக் கொடுத்தாள். “முகத்தோட ஒட்டிப் புடிங்க. எடுக்காதீங்க.”

“இதுல யாரு அவங்க?”

“மாஸ்க் போட்டிருக்கவதான். நல்லா கேட்டீங்க போங்க.”

அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டேப்பு தன் இடத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்தாள். வந்திருக்கிறான் என்று பொறிக்குத் தெரியும். அவள் கை அவசரப்படவில்லை. கம்பியின் அடியில் தொடங்கி, நடுங்காமல், இழுத்து, முடித்து, சுத்தியலால் கசடைத் தட்டினாள். அடியில் பளபளவென்று நூல் கோத்த மாதிரி ஒட்டு. அடுத்த கம்பி. அதற்கும் அடுத்தது. கேட் முடிகிற வரை அவன் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பொறி மாஸ்க்கைக் கழற்றினாள். முகம் வேர்வையில் குளித்திருந்தது.

“பாத்தாச்சா?”

“பாத்தேன்.” அவன் கிட்டே வந்து, கேட்டைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், அவள் கையிலிருந்த மாஸ்க்கை வாங்கினான். அதன் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். சாய்த்தான். முகம் சுளித்தான்.

“இது என்ன, கண்ணாடியா கல்சட்டியா? இவ்வளவு கீறலு. இதுக்குள்ள எப்படி உனக்கு நேர்க்கோடு தெரியுது?”

“தெரியுது.”

“தெரியாது. கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கற. நான் இங்க நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்.”

“கண்ணாடிய விடுங்க.” பொறியின் குரல் உடைந்தது. “பதில் சொல்லுங்க.”

“சொல்லிட்டுத்தான இருக்கேன்.” அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. “இதக் கழட்டி என்கிட்ட குடு. நாளைக்குப் புதுசு போட்டுக் கொண்டாறேன்.”

“நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. மாஸ்க் இல்லாம எப்படி?”

அவன் யோசித்தான். சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு இரும்புத் துண்டைக் காலால் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். சூடு தாங்காமல் துள்ளி எழுந்தான். பட்டறையில் மூலைக்கு மூலை சிரிப்பு வெடித்தது.

“இப்பத்தான் அறுத்து வச்சது” என்றாள் பொறி. அவளும் சிரித்தாள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே. “இங்க உக்காருங்க.”

“அளவு மட்டும் எடுத்துக்கறேன். சாயந்திரமே போட்டுடலாம்” என்றான் அவன், மாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு. “அந்தக் கண்ணாடிய மாசாமாசம் மாத்தணும். நான் மாத்துவேன். அதுக்கு ஒத்துக்கறியா?”

“அதுக்கு ஒத்துக்கறேன்.”

டேப்பு ஈ மொய்த்த பன்னைத் தட்டிவிட்டு, டீக்காரருக்குக் குரல் கொடுத்து மூன்று டீ சொன்னாள். பிறகு வாசலுக்கு வந்து துணிக்கடைக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, நேத்து எடுத்து வச்ச சந்தனக் கலரு. ஆமா, அதான். கறைய எடுத்துட்டுக் கட்டி வைங்க.”

அந்தப் பக்கம் சிப்பந்தி என்னவோ கேட்டான். அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். பொறி கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை கரியும் தழும்புமாக. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேண்டாண்ணே. கை எதுவும் வைக்க வேண்டாம்” என்றாள் டேப்பு. “அப்படியே இருக்கட்டும்.”